களியக்காவிளை தாண்டினா

காட்சிபங்களாவுக்கு இப்பம் போகாதேயும் தம்பி. உச்சி வெயிலு. சிங்கமும் கரடியும் உள்ள போயிப் படுத்துரும், வெறுங் கம்பியப் பாத்துட்டு வரணும். உம்ம ஆபீசரு எப்பம் வரச் சொல்லியிருக்காரு, மூணு மணிக்கா? அப்பிடின்னா சாப்பிட்டுட்டு, அந்தால கோயிலு முன்னால போயி மேத்தன்மணிக் கடியாரத்தப் பாரும். ஆபீசரப் பாத்துட்டு வெயிலு சாஞ்ச பெறவு காட்சிபங்களா. அதுக்கு மேல நேரம் இருந்தா சங்குமுகம் கடலு. ஊருக்குத் திரும்ப மோட்டாரு கெடைக்காது, அத நெனப்புல வச்சுக்கிடும். சத்திரத்துல படுத்துட்டு விடியக் கெளம்பலாம்.

இல்ல, நான் இந்த ஊருக்காரன் இல்ல. நீரு பரிமாறுகவன்ட்ட பேசினது காதுல விழுந்துது, நம்ம பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சுது, அதான் வாய் குடுத்தேன். அஞ்சுகிராமமா? நான் தேரூரு பக்கம். தெய்வநாயகம் பிள்ளைன்னு பேரு. வயலு உண்டும், வேற சோலி கெடையாது. திருவனந்தபுரத்துல எனக்கு ஒரு சொந்தக்காரனும் இல்ல. கேஸுக்கு வந்து வந்து எல்லா எடமும் பழகிப்போச்சு, அவ்வளவுதான்.

இந்தக் கடையிலன்னா சோறுதான் சாப்பிடணும். சம்பாருல காயம் கொஞ்சம் கூட இருக்கும், இந்த ஊரு கையி அப்பிடி. கடைசியில போளி கேட்டு வாங்கும். போளியப் பிச்சு பால்பாயசத்துல போட்டுத் திங்கணும். நம்ம பக்கம் அந்தப் பழக்கம் இல்ல, மொதல்ல ஒரு மாதிரி இருக்கும், பெறவு விடமாட்டீரு. ரயிலு நிக்க எடத்துக்கிட்ட ஒரு கடை உண்டும், தோசை கொள்ளாம், ஆனா காப்பி வெறுங் கழுநீரு. கோட்டைக்குள்ள ஒண்ணு இருக்கு, அது ஐயமாருக்கு மட்டும். இங்கயும் உள்ள அறை அவங்களுக்குத்தான், நமக்கு இந்த பெஞ்சு. அது கெடக்கட்டும்.

யாருகூட கேஸா? என் அண்ணன்கூடத்தான். பூதலிங்கம் பிள்ளை. அண்ணன்னு பேரு, ஒண்ணர வயசுதான் மூப்பு, அதனால அவன் இவன்னுதான் பேச்சு. மாமன் சொத்து மருமகனுக்குங்க மருமக்கவழி போயி, பாகம் பிரிச்சு எடுக்கலாம்னு சட்டம் வந்துதுல்லா, அப்பம் நாங்களும் பிரிச்சோம். எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. மடையடி வயலுன்னு ஒரு துண்டு உண்டும். கொளத்து மடையத் தொறந்தா மொதத் தண்ணி அதுலதான் விழும். அது எனக்குன்னு நான் சொன்னேன், அவன் அவனுக்குன்னான். பேச்சு முத்திப்போயி, முத்தாரம்மன் கோயிலு நடையில வச்சு ரெண்டு பேரும் சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணியாச்சு. ஓன் வீட்டு வாசல மிதிக்கமாட்டேன். ஓன் வீட்டுல கை நனைக்கமாட்டேன். ஊருக்குள்ள ஓம் மொகத்தப் பாத்து ஒரு வார்த்த பேசமாட்டேன். நான் சொன்னதத்தான் அவனும் அப்பிடியே திருப்பிச் சொன்னான்.

கோவம்தான். பின்ன என்னது. நாகருகோயிலு கோர்ட்டுல அவன் ஜெயிச்சான், நான் இங்க ஹைக்கோர்ட்டுக்கு அப்பீலு போட்டேன். வக்கீலு அப்பவே சொன்னாரு, நீங்க வரணும்னே இல்ல வேய், நாங்க பாத்துக்கிடுவோம்னு. நான் கேட்டாத்தானே. மொதத் தடவ வந்தன்னைக்கு நல்ல மழை. இந்தக் கடையில நிக்க எடமில்ல. ஒரு ஓரத்துல ரெண்டு எடம் ஒழிஞ்சுது, பரிமாறுகவன் என்னக் கொண்டு ஒண்ணுல இருத்தினான். எதுக்க வந்து இருந்தது யாருன்னு நிமிந்து பாத்தா, இவன். எழும்பிப் போலாம்னா வெளிய மழை, வயித்துல பசி. எழும்புனா நான் தோத்த மாதிரின்னு வேற ஒரு நெனப்பு. அவனுக்கும் அதேதான் இருந்திருக்கும். ரெண்டு பேரும் குனிஞ்ச தலை நிமிராம சாப்பிட்டோம்.

நான் ரெண்டாமத்தும் சம்பாரு கேட்டேன். அப்பம் அவன் பரிமாறுகவன்ட்ட சொல்லுகான், அந்த ஆளுக்கு அதுக்கு மேல ஊத்தாதேயும், மோரு குடும், சம்பாரு கூடுனா அவனுக்கு ராத்திரி பூரா வயிறு எரியும்னு. என்னப் பாத்துச் சொல்லல்ல, பரிமாறுகவனப் பாத்துத்தான் சொன்னான். எனக்குக் கண்ணு நெறஞ்சுபோச்சு தம்பி, அன்னைக்கு. இப்பம் சொல்லும்போது ஒண்ணும் ஆகல்ல பாத்தீரா, அன்னைக்கு நெறஞ்சுது.

பெறவுதான் யோசிச்சேன். சத்தியத்துல என்ன சொன்னோம்? வீட்டுல கை நனைக்கமாட்டேன்னு. இது வீடா? ஐயரு கடை. ஊருக்குள்ள பேசமாட்டேன்னு. இது நம்ம ஊரா? மகாராஜா இருக்க ஊரு. கேஸு நடத்தி நடத்தி ரெண்டு பேருக்கும் புத்தி அப்பிடித்தான் போகும். அடுத்த தடவ வந்து அவன்ட்ட இதச் சொன்னேன். அவன் எதிரு வக்கீலு மாதிரி மோட்டுவளையப் பாத்துட்டு, அது சரியாத்தான் வருகுன்னான். ஆனா அதுலயும் ஒரு கணக்கு வச்சிருந்தான். நேரா கைமாறி ஒண்ணும் குடுக்கமாட்டான். அவன் போளிய எனக்குத் தரணும்னா, அது அவன் இலையில விழுமுன்னயே பரிமாறுகவன்ட்ட சொல்லுவான், எனக்கு வேண்டாம், அந்த இலையில போடும்னு.

மோட்டாருல வாறதும் அப்பிடித்தான். நாகருகோயில்ல ஏறும்போது அவன் முன்னால இருப்பான், நான் பொறத்தால. மூஞ்சிய திருப்பிக்கிட்டுத்தான். தக்கல, மார்த்தாண்டம் எல்லாம் தெரிஞ்ச ஆளு ஏறுவான், எறங்குவான். களியக்காவிளையில சந்தைச் சாமானோட முக்காவாசிப் பேரு எறங்கிருவான். அதுக்கு மேல தெரிஞ்ச மொகம் இருக்காது. வண்டி அத விட்டுக் கெளம்பினதும் அவன் எழும்பி வந்து என் பக்கத்துல இருப்பான். வெத்தலை போட்டியாடேன்னு கேப்பான். திரும்ப வரும்போது களியக்காவிளை எட்டுமுன்ன எழும்பி அவன் எடத்துக்குப் போயிருவான். சொல்லிட்டெல்லாம் போகமாட்டான். பேசிட்டே இருப்பான், அந்த ஊருப் பாலம் வந்ததும் பேச்ச அப்பிடியே விட்டுட்டு எழும்பிருவான். பாதிக் கதைய அடுத்த வாய்தாவுக்கு வந்துதான் கேக்கணும்.

கோர்ட்டுல நம்ம கேஸ எங்க கூப்பிடுகான். தள்ளி வச்சான்னா மிச்ச நாளு பூரா நமக்குத்தான். எல்லாத்தையும் அவன்தான் எனக்குச் சுத்திக் காட்டினான். காட்சிபங்களாவுல சிங்கத்தக் கொண்டு காட்டி, நம்ம ஜட்ஜிய மாதிரில்லாடே இருக்கு, கண்ணத் தொறந்துக்கிட்டே உறங்குகுன்னான். சங்குமுகத்துல போயி ராத்திரி ஆகது வரைக்கும் மணல்ல இருப்போம். நம்ம பக்கம் கடலு இல்லாமயா? கன்யாகுமரிய வீட்டு வாசல்ல வச்சுக்கிட்டு இங்க வந்து கடலு பாத்தோம். அங்க வச்சு ரெண்டு பேரும் ஒண்ணா இருந்து பாக்க முடியாதுல்லா. மேத்தன்மணிக்கு முன்னால மட்டும் எத்தன தடவ நின்னிருப்போம். தாடிக்காரன் தலை ஒண்ணு இருக்கும், மணி அடிக்கும்போது ரெண்டு பக்கமும் ரெண்டு கெடா வந்து அவன் கன்னத்துல முட்டும். நீரு பாரும், நல்ல வேடிக்கை. அந்த ரெண்டு கெடாவும் நாம, நடுவுல நின்னு அடி வாங்குகது மடையடி வயலுன்னு சொன்னான். அப்பம் வக்கீலு எங்க அண்ணேன்னு கேட்டேன். அவரு மேல ஏறி மணிக்குச் சாவி குடுத்துக்கிட்டு இருக்காருன்னான்.

அவன் மக கல்யாணத்துக்கு நான் போகல்ல. எப்பிடிப் போக? எங்க வீட்டுக்கு எதுக்க வரிசையில பந்தலு, நாயனம் காதுல விழுகு, நான் கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தேன். அடுத்த வாய்தாவுக்கு வரும்போது, களியக்காவிளை தாண்டினதும் தொடங்கினான் பாரும், இங்க வந்து எறங்கது வரைக்கும் கல்யாணக் கதைதான். மாப்பிள்ள வந்தது, எரிசேரியில உப்புக் கூடினது, சம்பந்தக்காரன் மொறுமொறுத்தது, பொண்ணு அழுதது. ஒண்ண விடல்ல. இந்தக் கடையில வந்து ரெண்டு இலைக்கும் போளி, பாயசம், பழம் எல்லாம் சொல்லி, இதுதாண்டே ஒனக்குள்ள கல்யாணச் சாப்பாடு, சத்தியம் ஒண்ணும் கெடாது, ஐயரு கடைச் சோறுதானேன்னான். நான் வயிறு முட்டத் தின்னேன். அண்ணன் தம்பி உறவுன்னு சொல்ல எங்களுக்கு இந்த ஊருலதான் உண்டும், கேஸு இருந்தாத்தான் உண்டும். அது ரெண்டு பேருக்கும் தெரியும்.

ராசியாப் போயிருக்கலாமேன்னு நீரு கேக்கீரு. எல்லாரும் கேப்பான். சூடத்த அணைச்சவன் எப்பிடி ராசியாப் போக? ஊரு பாத்துக்கிட்டு நிக்கு. ரெண்டு வீட்டுலயும் பொம்பளைக, பிள்ளைக உண்டும். வயல எவன் விட்டுக் குடுப்பான்? அதனால வாய்தா வாங்கினோம். ஒரு தடவ அவனுக்குக் காய்ச்சலு, ஒரு தடவ எனக்கு வயித்துவலி. ரெண்டு வக்கீலுக்கும் எங்களத் தெரிஞ்சுபோச்சு, சிரிப்பாங்க. எவ்வளவுதான் நீட்ட முடியும். போன ஆனி மாசம் ஒரு நாளு ஜட்ஜி கண்ணத் தொறந்து தீர்ப்புச் சொல்லிட்டாரு.

நான்தான் ஜெயிச்சேன். மடையடி வயலு எனக்கு. வெளிய வந்து ரெண்டு பேரும் இங்கதான் வந்தோம். சாப்பிட்டு முடியப்போற நேரத்துல, இதுக்கு மேல கோர்ட்டு உண்டுமாடேன்னு கேட்டான். வக்கீல்ட்ட கேட்டேன், இல்லங்காரு அண்ணேன்னு சொன்னேன். அப்பிடியான்னான். திரும்பிப் போகும்போது களியக்காவிளை எட்டுமுன்ன எழும்பிப் போனான் பாத்தீரா, அதுதான். பெறவு ஊருல தினமும் பாப்பேன். அவன் கொளத்தங்கரையில வருவான், நான் வரப்புல நிப்பேன், ரெண்டு பேரும் வேற பக்கம் பாப்போம். வயல்ல மொதத் தண்ணி எனக்குத்தான் விழுந்துது, நாத்தும் நட்டாச்சு. நல்லாத்தான் பிடிச்சு நிக்கு. பாத்தா ஒண்ணும் தோணல்ல.

ஆமா, இலையில சோறு ஆறித்தான் போச்சு. வச்சு நேரமாச்சுல்லா. சாப்பிடணும்.

அண்ணன் இன்னைக்கு வரல்லியான்னா கேக்கீரு. அவனுக்கு இன்னைக்குப் பதினாறாம் நாளு காரியம் தம்பி. அங்க இப்பம் அடியந்திரப் பந்தி நடந்துக்கிட்டு இருக்கும்.

காலம்பற பல்லு தேச்சிட்டு வந்து முற்றத்துல இருந்தவன், நெஞ்சு என்னமோ செய்யுகுன்னானாம். அவ்வளவுதான். நான் வீட்டுக்குள்ள போகல்ல. பாடை தெருவுக்கு வந்த பெறவு பொறத்தால நடந்தேன். தெரு சர்க்காரு தெரு, அதுல நடக்க எனக்குப் பாத்தியதை உண்டும். சுடுகாடும் பொது எடம். அங்க வாய்க்கரிசி போட எல்லாரும் என்னப் பாத்தாங்க. போட்டேன். அழுகை வரும்னு நெனச்சேன், வரல்ல. இன்னைக்கு வரைக்கும் வரல்ல.

நேத்து தாணம்மாள் மதினி ஆளு விட்டிருந்தா. சத்தியம் பண்ணுன மனுசன் போயாச்சு, கொழுந்தன் வந்து ஒரு வாய் கை நனைச்சிட்டுப் போகட்டும்னு. நல்ல மனசு அவளுக்கு. ஆனா சத்தியம் பண்ணினது ரெண்டு பேருல்லா. ஒருத்தன்தானே போயிருக்கான், நான் இருக்கேனே. விடிஞ்சு வேட்டி மாத்திக்கிட்டு வாசல்ல எறங்கினேன். எதுக்க பந்தலு. அங்க ஏற காலு வரல்ல. நடந்து நடந்து நாகருகோயிலு வந்து மோட்டாருல ஏறியிருக்கேன். களியக்காவிளை தாண்டி எவ்வளவோ நேரம், பக்கத்து எடம் காலியாத்தான் கெடந்துது. எறங்கினேன், இங்க வந்தேன், சோறு போடச் சொன்னேன். இதுவரைக்கும் ஒரு பருக்க எறங்கல்ல. தெரியாத ஆள்ட்ட இம்புட்டுப் பேசினதும் இன்னைக்குத்தான்.

கை கழுவப் போறீரா? ஒரு செத்த நேரம் எழும்பாம இரியும் தம்பி. இந்தக் கடையில எதுக்க ஆளில்லாம நான் சாப்பிட்டுப் பழக்கமில்ல. நீரு ஒண்ணும் பேசாண்டாம், சும்மா இருந்தாப் போதும், ரெண்டு வாய் தின்னுருவேன்.