தேய்த்த இடத்தில் எழுந்த எண்

என் பெயரும் தகப்பனார் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடி பதிந்துகொள்ளப்பட்டன. வயது ஐம்பத்து நான்கு. எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, ரேடியோ அத்தை என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். மரக்கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். முன்பக்கம் தகரக் கொட்டகை உண்டு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, இறந்துபோன என் தம்பியின் மகனோடு இருக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

வழக்கில் உள்ள பிக்கப் வண்டி என் தம்பி புதிதாக வாங்கியது. கட்டட வேலைக்கும் சந்தைக்கும் பாரம் ஏற்றி அதில்தான் அவன் குடும்பம் நடந்தது. நான் கல்யாணமாகிப் போனதும் அந்த வண்டியில்தான், என் பெட்டி படுக்கை திரும்பி வந்ததும் அதே வண்டியில்தான். தம்பி போன பிறகு வண்டி கொட்டகையிலேயே நின்றுவிட்டது. டயர் நான்கும் தரையோடு உட்கார்ந்துவிட்டன. இருக்கையில் ஒரு பூனை குட்டி போட்டது. பூனையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னதால் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு, முடியை வைத்துச் சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற என் தம்பி மகன், மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் சாமான் கொண்டுபோய் இறக்கும் வேலையைப் பேசிவிட்டு வந்தான். சொந்த வண்டி இருந்தால்தான் அந்த வேலை கிடைக்கும். புது வண்டி வாங்க வழியில்லை.

"அத்தை, அப்பா வண்டியையே எழுப்பிடலாமா?" என்று கேட்டான்.

"எழுப்புறதுக்கு அது என்ன தூங்கவாடா செய்யுது? செத்துப் பல வருசமாச்சு" என்றேன். சொல்லிவிட்டு அன்றைக்கே கொட்டகைக் கதவைத் திறந்து கூட்டிவிட்டதும் நான்தான்.

அதன் பிறகு வேலை தொடங்கியது. என்ஜினைத் தம்பிக்குப் பழக்கமான மெக்கானிக், தன் வேலைகளுக்கு நடுவில் பார்த்துத் தருவதாக எடுத்துப் போனார். கதவும் அது தொங்குகிற தூணும் துருப்பிடித்து மாவாக உதிர்ந்தன, அதிலிருந்த கம்பெனி எண் தகடும் அதோடு போய்விட்டது. பழைய இரும்புக் கடையில் வேறு வண்டியின் சிவப்புக் கதவு கிடைத்தது. விளக்கு ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பழைய மெத்தை உறையைப் பிரித்து நானே இருக்கைக்குத் தைத்தேன். சக்கரம் தொடங்கிக் கூரை வரை எல்லாவற்றையும் தாங்குகிற அடிச்சட்டத்தை, சேஸிஸ் என்கிறார்கள், பட்டறையில் கொடுத்துத் துரு எடுக்கக் கேட்ட கூலி எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. "குடும்பத்துக் கறையெல்லாம் கழுவினவ, இந்தத் துருவக் கழுவ மாட்டேனா?" என்று சொல்லி அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

கம்பித் தூரிகையால்தான் பெரும்பாலும் தேய்த்தேன். கெட்டித் துரு உள்ள இடத்துக்கு மட்டும் ஒரு பழைய கிரைண்டர் மிஷினும் அதற்கு ஒரே ஒரு தேய்ப்புச் சக்கரமும் சுருட்டை வாங்கிக் கொடுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் சாமி பேரைச் சொல்லித் தேய்த்தேன். அப்படித்தான் முன் சக்கரத்துக்கு மேலே வலது பக்கச் சட்டத்துக்கு வந்தேன். அங்கே துருவுக்கு அடியில், கோழி கிளறிய மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. துரு அரித்த பள்ளம் என்று நினைத்தேன். பள்ளம் இருந்தால் அதில் மறுபடி துரு ஏறும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ஆகவே ஒரு முனையில் தொடங்கி மிஷின் சக்கரத்தை அழுத்திப் பிடித்தேன். பாதி வழியில் சக்கரம் தேய்ந்து வில்லையாகிவிட்டது. மீதியை மேலோட்டமாகத்தான் சமன் செய்ய முடிந்தது. இன்னொரு சக்கரம் கேட்டேன்.

"போதும் அத்தை, இதென்ன கல்யாணப் பொண்ணா? பெயின்டுக்கே காசில்ல" என்றான்.

"கஞ்சப் பிசினாரி! உங்கப்பன் இருந்திருந்தா ரெண்டா வாங்கித் தந்திருப்பான்" என்று திட்டினேன். அவன் அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, முகமே பார்க்கலாம் போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதன் மேல் கறுப்பு பெயின்ட் அடித்தான். அதுதான் வண்டியின் எண் அடித்திருந்த இடம் என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

அதன் பிறகு என்ஜினைப் பூட்டி, சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. கொட்டகைத் தகரம் முழுவதும் அதிர்ந்தது. என் தம்பி தூரத்தில் வரும்போதே கேட்கும் அதே சத்தம். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன், பிறகு எதற்காக அணைத்தேன் என்றே மறந்துவிட்டேன்.

அதன் பிறகு சுருட்டை வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனான். அங்கே சேஸிஸ் எண்ணைத் தேடிய அலுவலர் பெயின்டைச் சுரண்டினார். உள்ளே எண் இல்லை, கிரைண்டர் கோடுகள்தான் இருந்தன. இதே மாதிரி வண்டிகள் இரண்டு சமீபத்தில் திருட்டுப் போயிருந்ததால் அவனை நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். யார் தேய்த்தது என்று கேட்டதற்கு, தான்தான் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். மெக்கானிக் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். போட்டிருந்த செருப்போடு புறப்பட்டு வந்தேன்.

"ஏம்மா, அவன் தானே செஞ்சேன்னு ஒத்துக்கிட்டான். இப்ப நீங்க வந்து நான்னு சொல்றீங்க. யார் சொல்றத நம்புறது?" என்று அதிகாரி கேட்டார்.

"அவனுக்கு வீட்டுல ஒரு டம்ளர் தேய்க்கத் தெரியாது சார். அவனா சேஸிஸ் தேய்ச்சான்? அவன் தேய்ச்சிருந்தா துரு அப்படியே இருந்திருக்கும், நம்பரும் அப்படியே இருந்திருக்கும்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. ஆய்வகத்திலிருந்து ஆள் வரவழைத்தார்.

அதன் பிறகு ஒரு பெண் பெட்டியோடு வந்தார். என் வயதில் பாதிகூட இருக்காது. நிலையத்துக்குப் பின்னால் வண்டி நின்ற இடத்தில், எண் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னார்கள். குனிந்து பார்க்காமலே விரலை வைத்தேன். எந்த உயரத்தில் தேய்த்தேன் என்று என் தோள்பட்டைக்குத் தெரியும். அந்தப் பெண் பெயின்டை எடுத்து, இரும்பைப் பளபளவென்று ஆக்கி, ஒரு பாட்டிலிலிருந்த அமிலத்தில் பஞ்சை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், பார்த்தார், மறுபடியும் துடைத்தார். வெறும் இரும்புதான் இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

"அம்மா, கொஞ்சம் மெதுவா வேண்டிக்கோங்க, எனக்குக் கவனம் சிதறுது" என்றார்.

அதன் பிறகு, கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அந்த மாதிரி இரும்பில் ஒரு நிழல் வந்தது. வளைந்து வந்தது. அது ஒரு மூன்றின் வயிறு. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் ஒரு சுழி. நான் கண்ணால் பார்த்துத் தேய்த்து ஒழித்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக மேலே வந்தது. தேநீர் கொண்டுவந்தவர் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தார். நான்கூடப் பேசவில்லை, இதை எங்கள் தெருவில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இது எப்படி என்று பிறகு கேட்டேன். "அச்சு வச்சு ஓங்கி அடிக்கும்போது அடியில இருக்குற இரும்பும் சேர்ந்து நசுங்கிடும்மா. நீங்க தேய்ச்சதுல பள்ளந்தான் போச்சு, நசுங்குனது உள்ளதான் இருக்கு. அந்த எடத்த மட்டும் அமிலம் வேற மாதிரி அரிக்கும்" என்று அந்தப் பெண் சொன்னார். அவருக்கு அது தினப்படி வேலை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எண்களைப் படம் எடுத்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார்கள். எல்லாம் பொருந்தின, தொடக்கத்து எண் மட்டும் எத்தனை தரம் துடைத்தும் எழவில்லை. அந்த முனையில்தான் நான் தேய்க்கத் தொடங்கினேன். அப்போது சக்கரம் புதிது.

"மத்ததையும் இதே அழுத்தத்துல தேய்ச்சிருந்தா என்னாலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஏன் விட்டுட்டீங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"சக்கரம் தேஞ்சுபோச்சு, அவன் இன்னொண்ணு வாங்கித் தரலம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. வண்டியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் காசு இல்லாமல் போனதற்காகச் சாமிக்கு நன்றி சொன்னது என் ஆயுளில் இதுவே முதல் தடவை.

அதன் பிறகு அதிகாரி, தொடக்கத்து எண்ணும் தெரிந்தது என்று எழுதிக்கொள்ளலாமா, வேலை சுலபமாக முடியும் என்றார். "நான் பாக்கலையே சார். தெரியலன்னே எழுதுங்க" என்றேன். அவர் அப்படியே எழுதச் சொன்னார். மற்ற எண்களே போதும், ஆய்வகத் தாள் வந்ததும் வண்டி கிடைக்கும், பையன் இன்றைக்கே என்னோடு வரலாம் என்றார்.

சுருட்டையை உள்ளே கூட்டிவந்தார்கள். "ஏன்டா பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க இந்தப் படி ஏறக் கூடாதுன்னுதான் அத்தை" என்றான்.

"நான் உன்ன வளத்தவடா. இந்தப் படி என்ன, எந்தப் படியும் ஏறுவேன்" என்று சொல்லி, அவன் போட்ட பொய்க் கையெழுத்தைக் கிழித்துவிடும்படி அதிகாரியைக் கேட்டேன். எழுதியதை அழிக்க முடியாது, அவன் சொன்னதும் நான் சொன்னதும் இரண்டுமே இருக்கும் என்றார். அழிக்க முடியாது என்பதைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இரும்பிலேயே பார்த்துவிட்டதால் நான் வாதாடவில்லை.

இவ்வளவையும் நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினார்கள். பூனையைத் தவிர எதுவும் விட்டுப்போகவில்லை. என் கண்ணால் கண்டதையும் என் கையால் செய்ததையும் மெக்கானிக் சொல்லக் கேட்டதையும் தவிர இதில் வேறெதுவும் இல்லை, யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. பேனாவை நன்றாக அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். தாளைப் புரட்டி அடித்தாளைத் தடவிப் பார்த்தேன், அதிலும் எழுத்தின் தடம் விழுந்திருக்கிறது.

(கையெழுத்து)