தண்ணீருக்குள் ஓர் அடுப்பு

பூண்டுலோயாப் பக்கத்தில் பிற்பகலானால் மூடுபனி இறங்கிவிடும். நில அளவைக்கு அது உகந்த நேரமே அல்ல. ஆனால் எனக்குக் கிடைத்த நேரம் அதுதான். காலையில் நான் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். பிள்ளைகளுக்குக் கணக்கும் பூமிசாத்திரமும் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, காலில் சப்பாத்தை மாற்றிக்கொண்டு இஞ்சினியராகக் கிளம்புவேன். இந்த மழையில் நுவரெலியாவிலிருந்து விசாரணைக்கென்று வந்திருக்கிறீர்கள் ஐயா. கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்வதுதான் மரியாதை.

வேவல் ஓயாவை மறித்து அணை கட்டப் போகிறார்கள் என்ற செய்தி எழுபத்தொன்பதில் வந்தது. கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்த பெரிய இஞ்சினியருக்கு ஆள் போதவில்லை. நான் தபால் மூலம் நில அளவைப் படிப்பு முடித்துச் சான்றிதழை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். தோட்டத்தை நடத்தும் துரை அதைச் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். "வேலை பகுதிநேரம், மாஸ்டர். மரியாதை முழுநேரம்," என்று பெரிய இஞ்சினியர் சிங்களத்தில் சொல்லி என் கையைக் குலுக்கினார். அந்தக் குலுக்கலை நான் இன்னும் மறக்கவில்லை.

வேலை சின்னதுதான். அணை நிரம்பினால் தண்ணீர் மலைச்சரிவில் எதுவரை ஏறும் என்று மட்டம் பார்த்து, அந்தக் கோடு நெடுகச் சிவப்புத் தலை முளைகளை அடிக்க வேண்டும். முளைக்குக் கீழே இருப்பவர்கள் எழும்பிப் போகவேண்டும். மேலே இருப்பவர்கள் இருக்கலாம். மட்டக்கருவி என்னிடம் இருக்கும். அளவுகோலைக் கந்தப்பன் பிடிப்பான். நல்லவன், அதிகம் பேசமாட்டான்.

அதிகம் பேசியவர் கிளாக்கர் கணேசமூர்த்தி. நான் கருவியின் முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்ட ஆபீஸைத் தாண்டும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்பார்.

"அரை இஞ்சினியர் கெளம்பிட்டாருப்பா. காலையில பாதி வாத்தியாரு, மத்தியானம் பாதி இஞ்சினியரு. ரெண்டையும் கூட்டிப் பாத்தா ஒரு முழு ஆளு வருமா?"

முதலில் ஆபீஸில் இருந்தவர்கள் மட்டும் சிரித்தார்கள். பிறகு தேயிலைக் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். ஒருநாள் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். அரை என்றால் என்ன என்று கேட்டதும் கடைசி பெஞ்சில் ஒரே சிரிப்பு. அதையும் பொறுத்துக்கொண்டேன். என் மனைவி டோரீன் தங்கமான குணம் உடையவள். அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "அரை இஞ்சினியருக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். வைக்கச் சொன்னேன். எனக்குக் கோபம் வராது ஐயா. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கணேசமூர்த்தியின் குவாட்டர்ஸ் கோட்டுக்கு நாற்பது அடிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருந்தது. தண்ணீர் அங்கே ஏறாது என்று கருவி காட்டியது. கருவி காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த இடத்தைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையில்லாதவன் என்றால் அந்த ஒரு வீட்டுக்காகக் கோட்டை மேலே வளைத்துவிட்டுப் போயிருப்பான். அது மோசடி. தண்ணீர் வளைந்து ஏறாது, எங்கும் ஒரே மட்டமாகத்தான் நிற்கும். தொழிலில் எனக்கு ஒரு மனச்சாட்சி உண்டு. ஆகவே பாலத்தடியில், எல்லா உயரத்துக்கும் ஆதாரமான கல்லின் உயரத்தை எழுதும்போதே நாற்பது அடி குறைத்து எழுதினேன். காகிதத்தில் முழு மலையும் நாற்பது அடி இறங்கி உட்கார்ந்தது. அதன்பிறகு ஓர் அங்குலம்கூடப் பிசகாமல் அளந்தேன். அவ்வளவு சுத்தமான வேலை இந்த மாவட்டத்திலேயே நடந்திருக்காது.

கணேசமூர்த்தியின் வாசற்படிக்கு மேலே முதல் முளையை அடித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. அதே மட்டத்தில் கோட்டைத் தொடர்ந்து கொண்டுபோனதில், தொழிலாளர் குடியிருந்த இரண்டு லயங்கள் கோட்டுக்குக் கீழே விழுந்தன. மாரியம்மன் கோயில் விழுந்தது. கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்காம்பரா விழுந்தது. பள்ளிக்கூடமும் விழும் என்று தெரிந்தபோது கொஞ்சம் யோசித்தேன், அது என் சொந்த வேலையல்லவா. ஆனால் கருவி சொல்வதைக் குறிக்காமல் விட எனக்கு அதிகாரம் இல்லை. எங்கள் வீடு முளைக்கு இரண்டடி மேலே நின்றது.

"நம்ம வீடு மட்டும் எப்படிங்க தப்பிச்சுச்சு?" என்று டோரீன் கேட்டாள்.

"ஆண்டவருடைய கிருபை," என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆட்கள் எழும்பிப் போனது ஒரு வருசமாக நடந்தது. சிலருக்கு வேறு தோட்டங்களின் லயங்களில் ஒரு காம்பரா கொடுத்தார்கள். இருக்க இடமில்லாமல் போன பிறகு இங்கே என்ன என்று பல குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறப் பெயர் கொடுத்துவிட்டன. தலவாக்கலை ஸ்டேசனில் அவர்களை ரயிலேற்றும் நாட்களில் நானும் போவேன். என் மாணவர்கள் அல்லவா. ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கொடுப்பேன். செல்லசாமி என்று ஒருவர், ரயில் நகரும்போது சன்னல் வழியாக என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வாத்தியாரய்யா, நீங்க மட்டும் முன்னாடியே அளந்து சொல்லலேன்னா அம்புட்டுப் பேரும் முழுகிச் செத்திருப்போம். நீங்க நல்லாயிருக்கணும்," என்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. செய்த வேலைக்கு நன்றி கிடைப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அவருக்குக் கப்பலுக்குப் பெயர் வந்திருந்தது. அவர் மனைவி காளியாயிக்கு வரவில்லை. அடுத்த கப்பலில் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

கணேசமூர்த்தி தோட்டத்து ஸ்டாஃப் ஆயிற்றே, அவரை விட்டுவிட முடியுமா. துரை அவருக்கு மேட்டில் புதுக் குவாட்டர்ஸ் கட்டிக்கொடுத்தார். என் வேலிக்கு அடுத்த பக்கம். தண்ணீர்க் குழாய் உள்ளேயே. முன்பு ஆபீஸ் வாசலில் மட்டும் கேட்டதை இப்போது படுக்கையிலிருந்தே கேட்க முடிந்தது. "அரை இஞ்சினியர் எந்திரிச்சுட்டாரா?" என்பார், பல் விளக்கிக்கொண்டே.

எண்பத்திரண்டில் அணையை மூடினார்கள். தண்ணீர் ஏறியது. அழகாக ஏறியது. பிறகு நின்றது. அணையின் மேல் வழிந்து ஓட ஆரம்பித்தது. என் சிவப்பு முளைகளுக்கும் தண்ணீருக்கும் நடுவே நாற்பது அடி உயரத்துக்குக் காய்ந்த மலை, அதில் இரண்டு லயம், ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம்.

பெரிய இஞ்சினியர் வந்து தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "மாஸ்டர், தண்ணீர் எங்கே?" என்றார். என் கணக்கைக் காட்டினேன். அடித்தல் திருத்தல் இல்லாத கணக்கு. பெருமழைக்கான மட்டம் இது, அந்த மழை இன்னும் வரவில்லை என்று விளக்கினேன். கணக்கையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வாரம் அவருக்கு அனுராதபுரத்துக்கு மாற்றல். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆக, அதன்பிறகு அந்த நாற்பது அடியும் அரசாங்கப்படி தண்ணீர்தான்.

இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். காளியாயி மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவளுக்குக் கொடுத்த காம்பராவில் ஏற்கெனவே வேறு குடும்பம் இருந்ததாம். இரண்டு ஆடுகளைப் பிடித்துக்கொண்டு பழைய லயத்துக்கே திரும்பி வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் எனக்குக் காலைகளும் ஓய்வாக இருந்தன. போய் எடுத்துச் சொன்னேன்.

"காளியாயி, இங்க இருக்கக்கூடாது. இது தண்ணிக்குள்ள இருக்கு."

"எது வாத்தியாரய்யா?"

"இந்த வீடுதான்."

அவள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் எங்கேயோ கீழே பளபளத்துக் கொண்டிருந்தது. "அடுப்பு எரியுதுங்களே," என்றாள்.

"எரியக்கூடாது."

"வெறகு நல்லாக் காஞ்சதுங்க," என்று சமாதானம் சொன்னாள். "உக்காருங்க, பிளேன்டீ ஊத்துறேன்."

நான் ஏதோ பகிடி செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள். பலமுறை போனேன். ஒவ்வொரு முறையும் தேநீர் தந்தாள். ஒவ்வொரு முறையும் அந்தப் புகை என் வீட்டு முற்றத்திலிருந்து தெரிந்தது. எனக்குத் தெரிந்தால் கணேசமூர்த்திக்கும் தெரியும்தானே. ஒரு காலை வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன அரை இஞ்சினியர், ஒங்க தண்ணிக்குள்ள யாரோ சோறு ஆக்குறாங்க போல?" என்றார். அன்றைக்கு டோரீன் சிரிக்கவில்லை. அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திராது.

கூரைத் தகரங்களைக் கழற்றக் கந்தப்பனைக் கூப்பிட்டேன். "உள்ள ஆளு இருக்குதுங்க சார்," என்றான். தண்ணீருக்குள் எப்படி ஆள் இருக்கமுடியும் என்று கேட்டேன். அளவுகோலை என் வாசலில் சாத்தி வைத்துவிட்டுப் போனவன் பிறகு வேலைக்கு வரவில்லை. ஆகவே நானே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

காளியாயிக்கு அவ்வளவு சந்தோசம். "ஒழுகுதுன்னு யாரு சொன்னா ஒங்களுக்கு? மாத்திப் போடத்தான வந்தீங்க?" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பொய் சொல்வது என் வழக்கமல்ல. நான் விழுந்துவிடுவேனோ என்று பயந்து அவளே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஆணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன, நேரம் எடுத்தது. கீழே இறங்கியதும் கருப்பட்டித் துண்டோடு தேநீர் தந்தாள். குடித்தேன். தகரங்களை மேலே கொண்டுபோகவும் பாதித் தூரம் ஒரு கை கொடுத்தாள்.

"புதுத் தகரம் எப்ப வருங்க?"

"வரும்," என்றேன்.

அந்தத் தகரங்கள் என் வீட்டுக்குப் பின்னால் அடுக்கியபடியே இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் பாவிக்கவில்லை. நான் திருடன் அல்ல.

தென்மேற்குப் பருவமழை அந்த வாரமே பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும், விட்டு விட்டுப் பெய்யும் பழக்கம் அதற்குக் கிடையாது. கந்தப்பன் போய் அவளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான். "வாத்தியாரய்யா தகரம் கொண்டாருவாரு, வர்றப்ப ஆளில்லாட்டி திரும்பிப் போயிருவாரு," என்று மறுத்துவிட்டாளாம். இதை அவன் உங்களிடமும் சொல்லியிருப்பான். என் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தேன். முதல் நாளும் இரண்டாம் நாளும் கொஞ்சம் புகை இருந்தது. பிறகு இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. அத்தனை மாதங்களுக்குப் பிறகு மலையும் என் கணக்கும் ஒத்துப்போயின.

அடுப்படியில் சுருண்டு கிடந்தவளைக் கந்தப்பன்தான் தூக்கி வந்தான். ஆடுகள் இரண்டும் பிழைத்துவிட்டன. மருந்து கொடுக்கும் தோட்டத்து டிஸ்பென்சர், மரணத்துக்குக் காரணம் சளிக் காய்ச்சல் என்று எழுதப்போனார். சம்பவ இடம் எது என்று, திட்டத்து ஆள் என்ற முறையில், என்னிடம் கேட்டார். நீர்த்தேக்கத்தின் உள்ளே, மட்டத்துக்குக் கீழே என்றேன். வரைபடத்தையும் காட்டினேன். அவர் அதில் இருந்த பெரிய இஞ்சினியரின் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, நீரில் மூழ்கி மரணம் என்று எழுதினார். தண்ணீருக்கு நாற்பது அடி மேலே ஒரு பெண் மூழ்கியது எப்படி என்று கேட்டுத்தானே உங்களை இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். ஆதாரக் கல்லின் உயரத்தைக் குறைத்தது நான். தகரங்களைக் கழற்றியது நான். புகை நின்ற பிறகும் இறங்கிப் போய்ப் பார்க்காதது நான். வாக்குமூலத்தை நீங்கள் டைப் செய்தபடி வாசித்துப் பார்த்தேன், எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஓர் இடத்தை மட்டும் திருத்திவிடுங்கள். 'காளியாயி தன் வீட்டில் இறந்து கிடந்தாள்' என்று இருக்கிறது. அந்த மட்டத்தில் வீடு எதுவும் கிடையாது ஐயா.