கனிக்கு ராட்டினம்னா பயம்

உக்காருங்க செழியன். ராட்டின பார்க்குக்குப் போறவங்களுக்குன்னு நான் எழுதி வெச்ச லிஸ்ட்தானே, தரேன், அதுக்கென்ன. ஆனா வந்ததும் வராததுமா ஒண்ணு சொன்னீங்களே, எங்க பொண்ணும் ஒங்க கனி மாதிரிதான் சார், ராட்டினம்னா பயந்துக்குவான்னு. அந்தக் கதைய ஒங்களுக்கு யாரு சொன்னா? எங்க வீட்டுக்காரி சாந்தாவா? அவதான் சொல்லியிருப்பா. எங்க வீட்டுல எல்லாரும் சொல்ற கதைதான் அது. நான்தான் பதினாலு வருஷமா அத நம்பல. நம்பலன்னும் முழுசா சொல்ல முடியாது. பாதி நம்புறது, மீதிய எடுத்துப் பாக்காம வெச்சிருக்கறது. அப்படி.

கனிமொழிய நீங்க லிஃப்ட்ல பாத்திருப்பீங்க. தோள்ல பெரிய லேப்டாப் பையோட போவா. ஆங், அவதான். இருபத்துநாலு ஆகுது. கனடால மேல்படிப்புக்கு எடம் கெடச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள வரேன், இல்ல வரலன்னு பதில் போட்டாகணும். போகலப்பாங்கறா. ஏம்மான்னு கேட்டா, ஃப்ளைட்னா பயம்ப்பாங்கறா. சாந்தாவும், அவ சின்ன வயசுலேந்தே அப்படித்தானே, ராட்டினத்துக்கே பயந்த பொண்ணாச்சேங்கறா. இன்னிக்குச் செவ்வாக்கெழம.

சரி, அது இருக்கட்டும். இந்தாங்க லிஸ்ட். அதுல இல்லாதத எழுதிக்கங்க. ஒங்க மச்சினர் குடும்பம் எந்த ஸ்டேஷன்ல எறங்கறாங்க? நிஜாமுதீனா? அச்சா. வெளில வந்த ஒடனே நாலு பேர் சூழ்ந்துக்குவான். மதராசின்னு மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருவான். துவாரகாவா, இன்னிக்கு மெட்ரோ பந்த், எங்கூட வாங்கன்னுவான். பதிலே சொல்லக்கூடாது. இந்தி தெரியாதுன்னுகூடச் சொல்லக்கூடாது, சொன்னா அதுலேந்து ஒரு அம்பது ரூபா கூடும். நடந்துகிட்டே இருக்கணும். நீங்களே போயி கூட்டிட்டு வந்துருங்க, அதான் நல்லது.

பார்க்குக்கு வண்டி பேசறப்ப, போக, வர, காத்திருக்க, டோல், பார்க்கிங், பார்டர் டேக்ஸ், எல்லாம் சேத்து எவ்வளவுன்னு கேளுங்க. கேட்டுட்டு விட்டுராதீங்க, வாட்ஸாப்புல எழுதி அனுப்பச் சொல்லுங்க. வாயால சொன்னது சாயந்தரம் மாறிரும். போற வழியில ஒரு கடை வாசல்ல நிறுத்துவான், சும்மா பாருங்க சார், வாங்கவேணாம்னு. எறங்காதீங்க. நீங்க உள்ள போனாலே அவனுக்குக் கமிஷன். அந்தக் கமிஷன் யாரு தலையில விழும்? நம்ம தலையிலதான்.

டிக்கெட் முந்தின நாளே ஆன்லைன்ல எடுத்துருங்க, சனி ஞாயிறு வேணாம். கவுன்ட்டர்ல போயி நின்னா தண்ணி விளையாட்டும் சேந்த காம்போதான் இருக்குன்னு சொல்லுவான். டிசம்பர் மாசம், பனில, டில்லியில எவன் தண்ணில எறங்குவான்? தனி டிக்கெட் இருக்கும், அழுத்திக் கேளுங்க. உள்ள சாப்பாட்டுக்கு ஒரு கார்டு தருவான், பணம் ஏத்திக்கச் சொல்லி. கொஞ்சமா ஏத்துங்க. மிச்சத்தத் திருப்பித் தர கவுன்ட்டர நீங்க கெளம்பறதுக்கு முன்னாடியே மூடிருவான். வாசல்ல ஒருத்தன் வாங்க சார் ஃபேமிலி ஃபோட்டோன்னு நிக்க வெப்பான். நின்னுறாதீங்க. அவன் எடுக்கறது சும்மா, பிரிண்டுதான் நானூறு. புள்ள மொகம் அதுல இருக்கறப்ப எந்த அப்பன் வேணாம்பான்? காலி பாட்டில் கொண்டுபோங்க. தண்ணியோட போனா புடுங்கிக்குவான், காலியா இருந்தா ஒண்ணும் சொல்லமாட்டான்.

எத? ஏழாவதா? ஆமா, அதக் கோடு போட்டு அடிச்சிருக்கேன். போன மாசம்தான் அடிச்சேன். பழைய ஜெராக்ஸ் வெச்சிருக்கறவங்க கிட்டல்லாம் இருக்கும் அது.

அது ஒயரம்தான். அப்ப நாங்க போன பார்க்குல வயசு கேக்கமாட்டாங்க, ஒயரம் பாத்துதான் அரை டிக்கெட். வாசல்ல ஒரு கோமாளி பொம்ம கைய நீட்டிக்கிட்டு நிக்கும். அந்தக் கைக்குக் கீழ பூந்து போனா சின்னப் புள்ள, தலை இடிச்சா பெரியாள். ரெண்டாயிரத்துப் பதினொண்ணு மே மாசம். அப்ப நாங்க கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். சாந்தாவோட தம்பி ஐயப்பன் திருச்சிலேந்து குடும்பத்தோட வந்திருந்தான். நாமதானே கூட்டிட்டுப் போகணும். அந்த பார்க் இப்ப இல்ல, மூடிட்டாங்க. கனிக்குப் பத்து வயசு, அந்தக் கைய விட ஒரு இஞ்ச் ஒயரம். ஒரு இஞ்ச்சுக்கு முந்நூறு ரூபா. எனக்கு மனசு வரல.

நாலு நாள் வீட்டுலயே பழக்கினேன். கதவு நெலையில பென்சில்ல கோடு போட்டு. தட்டையான செருப்பு, தலைய ஒசத்திக் கட்டாம ரெட்டைப் பின்னல், கணுக்கால் வரைக்கும் பாவாடை. உள்ளுக்குள்ள முட்டிய லேசா மடக்கணும், நடக்கறப்பவும் நிமுரக்கூடாது. அவளுக்கு ஒரே சிரிப்பு. என்னப்பா, நான் பாட்டி மாதிரி நடக்கறேனான்னு கேட்டுக் கேட்டு சிரிச்சா. வெளையாட்டுதான் அது. ஒரு நாளும் அவ மாட்டேன்னு சொல்லல.

பார்க் வாசல்ல ஜம்முனு பூந்து போயிட்டா. காவலாளி கூட, ஆவோ சோட்டி, வா குட்டின்னு கன்னத்தத் தட்டினான். கையில மஞ்சப் பட்டை கட்டினாங்க. பெரியாளுங்களுக்கு நீலம். ஐயப்பன் பொண்ணு ஸ்நேஹாவுக்கும் கிட்டத்தட்ட இவ ஒயரம்தான், அவன் எதையும் பாக்காம முழு டிக்கெட் வாங்கிட்டான். ஏமாளிப்பயன்னு நெனச்சேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? அத்தான் இருக்கற ஊர்ல நமக்கு செலவே கெடையாது, எமன் வந்தாக்கூட அத்தான் பேரம் பேசி பாதி உசுருக்கு முடிச்சிருவாருன்னான். எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

உள்ள போனப்பறம், லாக்கர் எடுக்கல. வாடகை, டெபாசிட், சாவி தொலஞ்சா அபராதம், எதுக்குன்னு. ஒரு மரத்தடியில பையெல்லாம் வெச்சிட்டு, மாத்தி மாத்தி ஒருத்தர் இருப்போம்னு பேச்சு. அதான் லிஸ்ட்ல எட்டாவது. மாத்தி மாத்தின்னுதான் சொன்னோம். மத்தியானம் கொஞ்ச நேரம் தவிர, காலைலேந்து சாயந்தரம் வரைக்கும் பைகிட்ட கனிதான் இருந்தா.

திரும்பி வரப்ப வண்டியில ஐயப்பன் கேட்டான், ஏண்டி கனி, டில்லிக்காரி, ஒன் ஊரு ராட்டினத்துல நீ ஒண்ணுலகூட ஏறலயே, ஏன்னு. பயமா இருந்துச்சு மாமான்னா. அவ்வளவுதான். அன்னிலேந்து கனிக்கு ராட்டினம்னா பயம். கல்யாணம், காதுகுத்து, எங்க கூடினாலும் ஐயப்பன் இத எடுப்பான். கனிய லிஃப்ட்ல தனியா அனுப்பாதீங்கப்பா, மயக்கம் போட்டுருவான்னு. அவளும் சேந்து சிரிப்பா. அவளே இப்ப நல்லா சொல்றா அந்தக் கதைய, நடிச்சுக் காட்டிக்கிட்டு.

டீ ஆறுது, குடிங்க.

இந்தத் தசராவுக்கு நம்ம மேளாவுல பெரிய ஜூலா, ராட்டினம் போட்டிருந்தாங்களே, பாத்தீங்களா? நீங்க அப்ப வரல இல்ல? மூணாவது மாடி ஜோஸ்லின் இருக்காங்க, நர்ஸு, அவங்க பொண்ணு லூசி ஏறணும்னு ஒரே அழுக. பெரியவங்க யாராவது கூட இருந்தாத்தான் ஏத்துவேன்னுட்டான் ராட்டினக்காரன். ஜோஸ்லினுக்குத் தலை சுத்துமாம். கனி, வா லூசி நான் வரேன்னு ஏறிட்டா. நான் கீழ கூட்டத்துல நின்னுகிட்டிருந்தேன். நான் அங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியாது. உச்சியில போயி நின்னுச்சு. அவ கம்பியப் புடிக்கல செழியன். ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு, வாயத் தொறந்து கத்திக்கிட்டு, அப்படி ஒரு சந்தோஷம். லூசி எறங்கணும்னு சொல்லியிருக்கா. இவதான் இன்னொரு ரவுண்டுக்குக் காசு குடுத்திருக்கா. அப்பறம் எறங்கி வரப்ப என்னப் பாத்துட்டா. மொகம் அப்படியே மாறிப்போச்சு. வெளக்க அணச்ச மாதிரி. லூசிதான்ப்பா விடலன்னா. பாப்டி சாட் வாங்கித் தந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த லிஸ்ட எடுத்து ஏழாவத அடிச்சேன். அத அடிச்சு என்ன ஆகப்போகுது, தெரியல. பேனா கையில இருந்துச்சு, அடிச்சேன். அழுகை வரும்னு பாத்தேன், வரல. ஒண்ணுமே வரல. டிவி பாத்தேன், தூங்கினேன். காலைல ஆபீஸ் போனேன். என்ன மனுஷன் நீன்னு என்னையே கேட்டுப் பாத்தேன். அந்தக் கேள்வியும் ஃபைல்ல எழுதின குறிப்பு மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்.

இல்ல, சாந்தாவுக்குத் தெரியாது. அவ அன்னிக்கு ஐயப்பன் பொண்டாட்டியோட கண்ணாடி மாளிகைக்குள்ள இருந்தா. தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

மத்தியானம் ஒரு ரெண்டு மணி இருக்கும். நான் பைகிட்ட இருக்கேன், நீ போயி எதாவது ஏறிட்டு வாம்மான்னு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழிச்சு பக்கத்துல இருந்தவங்களப் பைய பாத்துக்கச் சொல்லிட்டு, அவ எங்க இருக்கான்னு பாக்கப் போனேன். பெரிய ராட்டினத்துக்கு வரிசை. கனி வரிசையில கேட் வரைக்கும் போயிட்டா. நல்லா நிமுந்து நிக்கறா. அளக்கறவன் கம்பிகிட்ட நிக்க வெச்சான், அதுல தேறிட்டா. அப்பறம் கையப் பாத்தான். மஞ்சப் பட்டை. நஹீ பேட்டா, இது சின்னப் பசங்க டிக்கெட்டுன்னு சொல்லியிருப்பான், எனக்கு சத்தம் கேக்கல. அவ எதோ சொன்னா. கம்பியக் காட்டினா, தன் தலையக் காட்டினா. அவன் ஒதுங்கச் சொல்லிட்டு அடுத்த புள்ளைய விட்டான். அடுத்தது ஸ்நேஹாதான்.

மஞ்சளுக்கு பெரிய ராட்டினம் கெடையாதுன்னு எனக்கு முன்னாடி தெரியாது. அது சத்தியம். ஆனா அப்ப தெரிஞ்சுபோச்சு இல்ல? மாத்திக்கற கவுன்ட்டர் இருவது அடி தூரத்துல. முந்நூறு ரூபா கட்டினா நீலம் குடுப்பான். என் சட்டைப் பையில ஆயிரத்து நூறு இருந்துச்சு. கட்டினா, எப்படி சார் இந்தப் பொண்ணு உள்ள வந்துச்சுன்னு கேப்பான். ஐயப்பன் கேள்விப்படுவான். சாயந்தரம் பூரா அதயே சொல்லுவான். இதெல்லாம் நான் நிதானமா யோசிச்சேன் செழியன். தெரியாம செஞ்சுட்டேன், அவசரத்துல செஞ்சுட்டேன்னு சொல்லமுடியாது. ஒரு பாப்கார்ன் வண்டி இருந்துச்சு, அதுக்குப் பின்னாடி நின்னு யோசிச்சேன். அவ வரிசையிலேந்து குனிஞ்சு வெளில வந்து, கொஞ்ச நேரம் ராட்டினத்த அண்ணாந்து பாத்தா. அப்பறம் மரத்தடிக்கு நடந்தா. நான் சுத்தி வந்து, அவளுக்கு முன்னாடியே போயி பைகிட்ட உக்காந்துட்டேன்.

அவ வந்தா. என்னம்மா ஏறலயா, பயமா இருக்கான்னு கேட்டேன்.

பயம்ங்கற வார்த்தைய அவ சொல்லல. நான்தான் குடுத்தேன். அவ கொஞ்ச நேரம் என்னயே பாத்தா. பாத்துட்டு, ஆமாப்பான்னு தலையாட்டினா. நீங்க போங்கப்பா, நான் பைய பாத்துக்கறேன்னா. நானும் போனேன். அந்த ராட்டினத்துலயே ஏறினேன். நீலப்பட்டைக்குக் காசு குடுத்திருக்கேன் இல்ல, வீணாக்கக்கூடாதுன்னு.

இல்லல்ல, உக்காருங்க. இதோ முடிஞ்சிருச்சு.

இன்னிக்குக் காலைல அவள ஸ்கூட்டர்ல மெட்ரோவுக்குக் கூட்டிட்டுப் போனேன். தெனமும் போறதுதான். பின்னாடி உக்காந்திருப்பா, மொகம் பாக்கவேணாம், அது ஒரு சௌகரியம். லோன் போட்டுரலாம்மா, ஃப்ளாட் பேப்பர் இருக்கு, எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்குன்னேன். பணமெல்லாம் இல்லப்பா, நெஜமாவே பயம்ப்பான்னா. எவ்வளவு தயாரா வருது பாருங்க அந்த வார்த்தை. சிக்னல்ல நின்னோம், செவப்புல எழுவது செகண்டு. அன்னிக்கு ஒனக்கு நெஜமா பயமா இருந்துச்சான்னு கேக்கலாம்னுதான் வாயெடுத்தேன். அதக் கேட்டா ஆமாப்பான்னுதான் சொல்லுவா, அந்த பதில் எனக்கு எதுக்கு? அவளுக்கு பயம் இல்லன்னு எனக்கே தெரியும். எனக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். ஹெல்மெட்டக்கூடக் கழட்டல, திரும்பியும் பாக்கல, அப்படியே கேட்டேன். கனி, அன்னிக்கு நான் அந்தப் பாப்கார்ன் வண்டிக்குப் பின்னாடி நின்னுகிட்டிருந்தத நீ பாத்தியாம்மா?