துளி அசையாத நேரம்

ஒரு தேக்கரண்டியை ஒழுங்காகப் படம் பிடிக்க ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும், இன்ஸ்பெக்டரம்மா. சொன்னால் சிரிப்பார்கள். என் அக்காவும் சிரித்தாள்.

"அவனவன் மலையை எடுக்கறான், கடலை எடுக்கறான். நீ ஏண்டி கரண்டியோட மூக்கை எடுக்கறே?"

"கரண்டிக்கு ஏதுக்கா மூக்கு?"

"அதைத்தானேடி நானும் கேக்கறேன்."

இப்படித்தான் பேசிக்கொள்வோம். நான் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கண் சும்மா இருக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அக்காவின் மகன் ஒரு கேமராவும் மேக்ரோ லென்ஸும் வாங்கிக் கொடுத்தான். அத்தான் போனதிலிருந்து அக்கா என்னோடுதான் இருந்தாள். எங்களுக்கு இரண்டு அறைகள், ஒரே ஒரு மேஜை.

அந்த லென்ஸில் ஒரு வசதியும் உண்டு, ஒரு வம்பும் உண்டு. பொருளுக்கு மிக அருகில் போகலாம். ஆனால் ஒரு மயிரிழை அளவுதான் தெளிவாக விழும். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கலங்கல். முழுப் பொருளும் தெளிவாக வேண்டுமென்றால், லென்ஸின் திருகை இம்மி இம்மியாக நகர்த்தி நாற்பது படம் எடுத்து, கணினியில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கு முன்னும் மேஜையின் அதிர்வு அடங்கக் கால் நிமிடம் காத்திருக்க வேண்டும். நடுவில் யாராவது பொருளைத் தொட்டால் அத்தனையும் பாழ்.

அக்கா தொடுவாள். எதையும் இருந்த இடத்தில் இருக்க விட மாட்டாள். கரண்டியை முப்பதாவது படத்தில் எடுத்துக்கொண்டு போய்ச் சர்க்கரை கலக்கினாள். பொத்தானை எடுத்துத் தன் சட்டையில் தைத்துக்கொண்டாள். சீப்பை எடுத்துத் தலை வாரிவிட்டு, முடியோடு திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். "இப்ப எடுடி, அழகா இருக்கும்" என்றாள். கோபம் வந்தால் பேசுகிற சுபாவம் எனக்கு இல்லை.

அன்று காலை அவளுடைய ஆஸ்துமா இன்ஹேலரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வீட்டில் வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று நேற்றுக் கேட்டீர்கள். கிடைத்திருக்கும். கழுவும்போது அதன் வாய் விளிம்பில் ஒரு துளி நீர் நின்றது. பார்க்க அழகாக இருந்தது. வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது, அவளுக்கு அது வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு தடவையாவது அவள் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஒன்பதாவது படத்தின்போது மேஜைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றாள்.

"அதைக் குடுடி. நெஞ்சு அடைக்குது."

"எட்டு நிமிஷம்க்கா. தொட்டுடாதே."

"விளையாடாதேடி."

"நானா விளையாடறேன்? அன்னிக்குக் கரண்டியைத் தூக்கிட்டுப் போனியே, ஏதாவது கேட்டேனா? போய் ஜன்னல்கிட்ட உக்காரு."

கையை நீட்டினாள். நான் என் கையைக் குறுக்கே வைத்தேன். தள்ளவில்லை, வைத்தேன். அவள் எப்போதும் ஒன்றை ஒன்பதாக்குகிறவள். எறும்பு கடித்தாலும் ஊரைக் கூட்டுவாள். நான் லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்த மறுவாரம், அவள் மகன் அந்தப் படங்களைக் கணினியில் வரிசையாக ஓட்டினான். அம்மாவின் கடைசி நாள் அதுதானே என்று, அன்று பதிந்தது எதுவாயிருந்தாலும் பார்க்க ஆசைப்பட்டான். எல்லாப் படத்திலும் முன்னால் துளி. பின்னால் ஒரு நீலக் கலங்கல். அது அக்காவின் ஸ்வெட்டர். பன்னிரண்டாவது படத்தில் உயரமாக இருக்கிறது. பத்தொன்பதில் சரிந்திருக்கிறது. இருபத்தாறில் மேஜை விளிம்புக்கு மேல் ஒரு விரற்கடை. இருபத்தேழில் இல்லை.

"சித்தி, உங்களுக்குத் தெரியலையா?"

"கலங்கலாத்தானேப்பா இருந்தது."

அது பொய் இல்லை. லென்ஸ் வழியாக அப்படித்தான் தெரியும். அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. கணினியை மூடிவிட்டு, "சாப்பிட்டீங்களா சித்தி?" என்று கேட்டான். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் உங்களிடம் வரவில்லை, நானேதான் வந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படங்களில் நேரம் பதிந்திருக்கிறது என்றும், இருபத்தேழுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே நான்கு நிமிடம் எங்கே போயிற்று என்றும் கேட்டீர்கள். இன்று சொல்கிறேன்.

அக்கா கீழே கிடந்தபடி மேஜைவிரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இழுக்கவில்லை. ஆனாலும் அவள் கை நடுங்கியதில் துளியும் நடுங்கியது. எழுந்து மேஜையைச் சுற்றிப் போனேன். குனிந்தேன். அங்கே எதுவும் கலங்கலாக இல்லை. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சு வராமல், மேஜையைக் கண்ணால் காட்டிக் காட்டிக் கேட்டாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரிப்பிலிருந்து பிரித்தேன். சின்ன வயதில் அவள் என் கையிலிருந்து மிட்டாயைப் பிரிப்பாள், அந்த மாதிரி. பிரித்த கையை அவள் நெஞ்சின்மேல் வைத்தேன். "இன்னும் பதிமூணுதான்க்கா" என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்து, துளி அடங்கும்வரை காத்திருந்தேன்.

நாற்பதும் முடிந்ததும் முதல் வேலையாக இன்ஹேலரைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் வைத்தேன். "இந்தாக்கா, இப்ப எடுத்துக்கோ" என்றேன். நான் கொடுக்கவே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.