எண்ணெய் ஓடினால்தான் நிக்காஹ்

சென்ற அக்டோபரின் இரண்டாம் வெள்ளி மாலை, நாகர்கோவிலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் செல்லும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் பட்டுச்சேலைப் பை.

"ஈராக்குல எண்ணெய் நின்னுட்டுன்னு கேட்டுத்தான் மொவளுக்கு நிக்காஹ் தேதி வச்சோம்" என்றார் அவர்.

"அது என்ன கணக்கு, மைனி?" என்றாள் இளையவள்.

"அங்கேருந்து துருக்கிக்கு எண்ணெய் போற குழாயிலல்லா மருமவனுக்கு வேலை. எண்ணெய் ஓடாட்டா லீவு கிட்டும்னு நெனச்சோம்."

"கிட்டலியா?"

"அவரு ரிப்பேரு பாக்க ஆளாக்கும். எண்ணெய் நின்னாத்தான் குழாயப் பிரிச்சுப் பாப்பாவளாம். ரெண்டு மட்டம் தேதிய மாத்தியாச்சு. மொவ எங்கிட்ட பேசதே இல்ல."

"இப்பம்?"

"எண்ணெய் ஓடத் தொடங்கிட்டு."

எண்ணெய் மறுபடி துருக்கித் துறைமுகத்துக்குப் போவதைச் செப்டம்பர் கடைசியில் நானும் நாளிதழில் படித்திருந்தேன்.

"வெளிநாட்டுக்கெல்லாம் கப்பல்ல ஏத்துகாவளாம். அவரும் லீவு வாங்கிக் கெளம்பிட்டாரு. நாளக்கழிச்சு நிக்காஹ்."

"அதுக்குள்ள திருப்பியும் எண்ணெய் நின்னுட்டுன்னா? ஆளத் திரும்ப விளிப்பாவளே."

மூத்தவர் முகம் வாடியது. அப்போது அவருடைய கைபேசி அடித்தது. காதில் வைத்துக் கேட்டவர் சிரித்துக்கொண்டே பையை இறுக்கிப் பிடித்தார்.

"இனி நின்னா நிக்கட்டும் ஏட்டி. மாப்பிள்ள திருவனந்தபுரத்துல வந்து எறங்கியாச்சு."