கடைசிப் பொறியின் கொசுக்கள்

ராத்திரி ஒரு மணி இருக்கும். சதுப்பு நிலத்தின் நடுவே போகிற கரைச் சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயர நாணல். விளக்குக் கம்பம் இல்லை, வீடு இல்லை, நாய்கூட இல்லை. நாய் குரைத்தால் பக்கத்தில் எங்கோ ஆள் இருக்கிறது என்று கொஞ்சம் தைரியம் வரும்... அதுவும் இல்லை. தவளைச் சத்தம் மட்டும்.

அந்தச் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. போனவர் திரும்பி வரவில்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதையெல்லாம் கத்திச் சொல்ல முடியாது. என் நண்பனின் அக்காவுக்கு நடந்தது இது. அக்கா கொசு ஆராய்ச்சி செய்கிறவள். சிரிக்காதீர்கள்... நாங்களும் முதலில் சிரித்தோம். "ஊர்ல எல்லாரும் கொசுவை அடிக்கிறாங்க, உங்கக்கா பிடிச்சு வளர்க்கறாளா?" என்று அவனைக் கேலி செய்வோம். இந்தக் கதையைக் கேட்ட பிறகு ஒருத்தனும் கேலி செய்யவில்லை.

அக்காவோடு வேலை பார்த்தவர் ஒரு நடு வயது ஆள். பொறி மாட்டுவது, பேட்டரி மாற்றுவது, கொசுவை வகை பிரிப்பது, எல்லாம் அவர்தான். அவருக்குப் பட்டப் பெயர் சர்க்கரை. பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் கொசு அவரைத்தான் மொய்க்கும். அவர் பக்கத்தில் இடம் பிடிக்கப் போட்டி நடக்கும், மற்றவர்களுக்குக் கடி குறையும் என்று. "எனக்குச் சர்க்கரை வியாதி இல்லைங்க, நானே சர்க்கரை" என்று டாக்டரிடமே சொன்னவர். அக்கா அவரை அண்ணன் என்பாள், அவர் மனைவியை அண்ணி என்பாள். அண்ணி தையல்காரி. பொறிகளுக்கு வேண்டிய வலைப்பைகளை அவள்தான் தைத்துக் கொடுப்பாள்.

பொறி என்றால் எலிப்பொறி மாதிரி இல்லை. ஒரு சின்ன விளக்கு, அதற்குக் கீழே ஒரு விசிறி, விசிறிக்குக் கீழே வலைப்பை. வெளிச்சத்துக்கு வருகிற கொசுவை விசிறி உள்ளே இழுத்துவிடும். காலையில் பையைக் கழற்றி, வயிறு சிவந்த கொசுக்களைத் தனியாக எடுப்பார்கள். அது குடித்தது மாட்டு ரத்தமா, பறவை ரத்தமா, மனித ரத்தமா என்று நகரத்து ஆய்வகம் சொல்லும். மனிதர் என்றால் எந்த மனிதர் என்றுகூடச் சொல்லிவிடும். தங்கள் ஆட்களைக் கடித்த கொசு கணக்கில் சேரக்கூடாது அல்லவா? அதனால் சதுப்புக்குள் காலெடுத்து வைக்கிற எல்லோரிடமும் முதலிலேயே ஒரு சொட்டு ரத்தம் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அன்று நிலையத்தில் அக்காவும் சர்க்கரை அண்ணனும் மட்டும். நிலையம் என்றால் தகரக் கூரை போட்ட இரண்டு அறை, அவ்வளவுதான். ஜன்னலில் நின்றால் கரை நெடுகப் பொறிகளின் விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். கடைசிப் புள்ளி... அணைந்தது.

"பேட்டரி செத்துடுச்சு போல. மாத்திட்டு வந்துடறேன், நீ படும்மா."

"நானும் வரேண்ணே."

"எதுக்கு? என்னைக் கடிக்கிற கொசுவை எண்றதுக்கா?"

போனார். வண்டிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் கடைசி விளக்கு மறுபடி எரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அக்கா கண்ணை மூடினாள்.

விடிந்தபோது வாசலில் வண்டி இல்லை.

கரையில் இருந்தது. ஸ்டாண்டு போட்டு, சாவி அதிலேயே. தீர்ந்துபோன பேட்டரி சீட்டின்மேல், விழாதபடி கயிறு சுற்றி. பொறி ஓடிக்கொண்டிருந்தது... விர்ர்ர் என்று. செருப்பு இல்லை. சட்டைத் துணி இல்லை. சேற்றில் ஒரு காலடிகூட இல்லை. போலீஸ் வந்தது, படகு வந்தது, முங்கித் தேடுகிறவர்கள் வந்தார்கள். நாணலை வெட்டி வெட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அண்ணி துணிப்பையோடு வந்து நிலையத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளிடமும் ஒரு சொட்டு ரத்தம் வாங்கிக்கொண்டார்கள். அக்கா வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழவேண்டி வரும். காலையில் பைகளைக் கழற்றுவாள், கொசுக்களை எடுத்து அனுப்புவாள்.

ஒரு நாள் ஆய்வகத்திலிருந்து தோழி போன் செய்தாள். விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தாள், அவளுக்கு விஷயம் எதுவும் தெரியாது.

"ஏய், உங்க சர்க்கரை பொறிக்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்கிட்டாரா? கடைசிப் பொறியில வந்தது பூரா அவர் ரத்தம்."

அக்கா பதிவேட்டை இழுத்துத் திறந்தாள். "எந்தத் தேதிப் பை அது?"

தோழி சொன்னாள். அவர் காணாமல் போய் ஒரு வாரத்துக்குப் பிந்திய தேதி.

கொசு குடித்த ரத்தம் இரண்டு மூன்று நாளில் செரித்துவிடும். இவள் பார்த்ததோ பளிச்சென்ற சிவப்பு. அந்த வகைக் கொசு அதிக தூரம் பறக்காது, ரத்தம் குடித்து வயிறு கனத்தால் இன்னும் குறைவு. அப்படியென்றால்... பக்கத்தில் எங்கோ, அந்தப் பையை மாட்டிய ராத்திரி, அவரைக் கொசு கடித்திருக்கிறது.

"அண்ணி! அண்ணன் உயிரோட இருக்காரு!"

அண்ணி துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

மறுபடி படகுகள். இந்த முறை கடைசிப் பொறியைச் சுற்றிச் சல்லடை போட்டுத் தேடினார்கள். நாய்களைக் கொண்டுவந்தார்கள். அவை கரை ஓரம்வரை போய், தண்ணீரைப் பார்த்து நின்று, வாலை ஒடுக்கிக்கொண்டு திரும்பின. போலீஸ் அதிகாரி நல்ல மனிதர்தான். "நீங்க சொல்றதை நான் நம்பறேம்மா. ஆனா ஆளைக் காட்டுங்க" என்றார். அக்கா என்ன காட்டுவாள்? தினமும் காலையில் வலைப்பை நிறையக் கொசு. தினமும் புது ரத்தம். ஆள் இல்லை.

பிறகுதான் அதைப் பார்த்தாள்.

ஒரு கொசுவின் வயிற்றிலிருந்த ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்தாள். ரத்த அணுக்களுக்குள் சின்னச் சின்ன மோதிரங்கள். மலேரியாக் கிருமி. அன்று அங்கே ஒன்று, இங்கே ஒன்று. மறுநாள் கூடியது. அதற்கு மறுநாள் இன்னும் கூடியது. சதுப்புக்குள் எங்கோ அவர் காய்ச்சலில் கிடக்கிறார். எப்படி நடுங்குவார், எப்போது வேர்க்கும் என்றுகூட இவளுக்குத் தெரியும். எங்கே என்பது மட்டும் தெரியாது.

அண்ணியிடம் மறைக்க நினைத்தாள். முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"காய்ச்சலா?" என்றாள் அண்ணி. "மாத்திரை இருக்குல்ல? குடுங்க."

"அண்ணி, எங்கன்னு கொண்டுபோய்..."

"குடுங்க."

சாயங்காலம் இரண்டு பேரும் போனார்கள். கடைசிப் பொறிக்குக் கீழே ஒரு டப்பாவில் மாத்திரை வைத்தார்கள், தண்ணீர் பாட்டில் வைத்தார்கள், ஒரு கம்பளியை மடித்து வைத்தார்கள். அழுகிய நாணலும் சேறும் சேர்ந்த வாடை. அண்ணி தண்ணீரைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னங்க! மாத்திரை கரையில வெச்சிருக்கேன்! வெறும் வயித்துல போடாதீங்க, ரொட்டி இருக்கு! வந்து எடுத்துக்கோங்க!"

தவளைச் சத்தம் பட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தவளைகள் மறுபடி ஆரம்பித்தன.

காலையில் மாத்திரை அப்படியே இருந்தது. தண்ணீர் அப்படியே இருந்தது. கம்பளியில் பனி ஈரம். பொறியில் கொசு. கொசுவில் அவர் ரத்தம். கிருமி முந்தைய நாளைவிட அதிகம்.

தினமும் இப்படியே. அண்ணியின் குரல் கட்டிப்போனது. ஒரு நாள் கத்த முடியாமல் மாத்திரை அட்டையைத் தண்ணீருக்குள் வீசி எறிந்துவிட்டு, கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு மாத்திரைம்மா... ஒரே ஒரு மாத்திரை அவர் வாயில போட முடியலையே என்னால." அக்கா அவள் பக்கத்தில் நின்றாள். படித்த படிப்பு, வாங்கிய பட்டம், கையிலிருந்த மருந்து... எதுவும் அந்தத் தண்ணீரைத் தாண்டிப் போகவில்லை.

ஒரு கட்டத்தில் அணுவுக்கு அணு கிருமி. அந்த அளவு ஏறினால் ஆள் பிழைக்க மாட்டான் என்று அக்காவுக்குத் தெரியும். மறுநாளும் ரத்தம் வந்தது. அதற்கு மறுநாளும்.

அப்புறம், கரைக்கு அடியில் தண்ணீர் போகிற மதகைச் சுத்தம் செய்யத் தண்ணீரை வடித்தார்கள். மதகுக் கதவுக்கு அடியில் கிடைத்தார்.

பரிசோதித்த டாக்டர் சந்தேகமே இல்லாமல் சொன்னார். மூழ்கிய சாவு. இறந்தது காணாமல் போன அந்த ராத்திரியேதான்.

"வேற நாளா இருக்க வாய்ப்பே இல்லையா டாக்டர்? போன வாரம்வரைக்கும்..."

"வாய்ப்பே இல்லம்மா. இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்றது? நீங்களே பாருங்க."

அக்கா பார்த்தாள். பார்த்த பிறகு கேட்கவில்லை.

அண்ணி மட்டும் கேட்டாள். அழாமல், நிதானமாக. "இவர் அன்னிக்கே போயிட்டாருன்னா, காய்ச்சல்ல கிடந்தது யாரு?"

அடக்கம் முடிந்தது. பொறிகளைக் கழற்றினார்கள். நிலையத்தைப் பூட்டினார்கள். அண்ணி நகரத்துக்குத் தன் வீட்டுக்குப் போனாள். சதுப்பிலிருந்து அரை நாள் பயணம். மூன்றாவது மாடி, ஒற்றைப் படுக்கையறை.

சில மாதம் கழித்து அக்கா அவளைப் பார்க்கப் போனாள். காலை நேரம், நல்ல வெயில். அண்ணி இளைத்திருந்தாள், ஆனால் முகத்தில் ஒரு அமைதி. தையல் மெஷினில் பாதி தைத்த பள்ளிச் சீருடை. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது... படுக்கையறை வாசலுக்குப் போகும்வரை.

ஜன்னல்கள் விரியத் திறந்திருந்தன. கொசுவலை இல்லை. உள்ளே சேறும் அழுகிய நாணலும் சேர்ந்த அதே வாடை. இரட்டைக் கட்டில். சுவரில், தலைமாட்டுக்கு மேலே, வயிறு புடைத்த ஒரே ஒரு கொசு. பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது.

அண்ணி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அக்கா பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து அதை மூடினாள். ஏன் செய்தாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. கை பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான் என்கிறாள்.

ஆய்வகத்தில் அவளே சோதித்தாள், வேறு யாரையும் தொடவிடவில்லை. கொசுவின் வயிற்றில் இரண்டு பேர் ரத்தம் இருந்தது. ஒன்று அண்ணியுடையது. இன்னொன்று அவருடையது. இரண்டும் ஒரே ராத்திரி குடித்தது.

கொசு சும்மா ஆள் மாற்றாது. ஒருவர்மேல் உட்கார்ந்தால் வயிறு நிறையும்வரை குடிக்கும். குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் புரண்டாலோ, கையை வீசி விரட்டினாலோ மட்டும்தான் பாதியில் எழும். எழுந்ததும் பக்கத்தில் படுத்திருப்பவர்மேல் போய் உட்காரும்.

அன்று சாயங்காலமே அக்கா திரும்ப அண்ணி வீட்டுக்குப் போனாள். ரத்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. சுற்றி வளைத்துத்தான் பேச்சை எடுத்தாள். ராத்திரி ஏன் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், கொசு கடிக்காதா என்று கேட்டாள்.

அண்ணி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள். "கடிக்கத்தான் செய்யும். என்ன பண்றது, படுக்கையில அந்தப் பக்கம் அனலாக் கொதிக்குதே. காத்து வேணும்ல அவருக்கு. காய்ச்சல் இன்னும் விடலைம்மா."

அக்கா கிளம்ப எழுந்தாள். இருந்தாலும் கேட்டுவிட்டாள். "நேத்து ராத்திரி... நீங்க தூக்கத்துல புரண்டீங்களா அண்ணி? கொசுவை விரட்டக் கையை ஏதாவது வீசினீங்களா?"

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு, பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்லம்மா. நான் அசைஞ்சா எழுந்து போயிடுவாரோன்னு பயம். விடிய விடிய ஒரு விரலைக்கூட நான் அசைக்கலை."