புருஷன் குரலில் ஒரு செய்தி

காலை எட்டேகால். கறம்பக்குடி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண், பக்கத்தில் இருந்தவளின் காதில் செல்போனை வைத்தாள்.

"கேளுங்கக்கா. எம் புருஷன் குரல்தான், ஆனா அவரு இல்ல."

"அடி ஆத்தீ! அந்த இருமல்கூட அவரோடதுதான்டி!"

"அவரு சிங்கப்பூர்லேருந்து போடுற வீடியோவக் கேட்டு கம்ப்யூட்டரே பேசுதாம். புது நம்பர்லேருந்து ஓடிபி கேக்குது."

"குடுத்துட்டியா?"

"குடுக்கத்தான் போனேன். வீடு கட்டச் சேத்ததெல்லாம் அந்த அக்கவுண்ட்லதான் கெடக்கு. கடைசியில 'செல்வி, சாப்பிட்டியா'ன்னுச்சு பாருங்க, அங்கதான் சந்தேகம் வந்துச்சு. கல்யாணமான நாள்லேருந்து அவருக்கு நான் 'இந்தா புள்ள'தான். பேரு சொன்னதே இல்ல. ஒடனே அவருக்கே போன் போட்டுக் கேட்டுட்டேன்."

"தப்பிச்ச போ. அந்தச் சனியன மொதல்ல அழிச்சு விடு."

ஆலங்குடியில் இறங்கும்வரை அவள் அதை அழிக்கவில்லை.